இரவுத் தயிரை மோராக்கினேன்

மியான்மரின் யாங்கோனுக்கு (ரங்கூன்) வந்த பிறகு என் இடுப்புச் சுற்றளவு ஏறிக்கொண்டே போனது. மாலையில் பனைவெல்லப் பாகு ஊற்றிய தயிர், ராத்திரி கெட்டித் தயிர்சாதம். தயிர் செரிக்கக் கனமானது, கபத்தைக் கூட்டும், உடம்பைப் பருக்க வைக்கும், இரவில் கூடாது என்கிறது சரக சம்ஹிதை என்ற பழைய ஆயுர்வேத நூல். மெலிந்தவர்களுக்கு அதே குணம் நல்லதுதான்.

தயிரை அடியோடு விட மனமில்லை. மோராக்கினேன். தண்ணீர் தாராளமாக ஊற்றி, மத்தால் நுரை பொங்கக் கடைந்து, திரளும் வெண்ணெயை வழித்து எடுத்துவிட வேண்டும். வெறுமனே கலக்கினால் அது நீர்த்த தயிர்தான்! அப்புறம் தட்டிய இஞ்சி, வறுத்த சீரகம், உப்பு. மதியச் சாப்பாட்டோடு மட்டும்.

பாகையும் நிறுத்தினேன், எடை குறைந்ததில் அதற்குப் பெரிய பங்கு உண்டு என்றே நினைக்கிறேன். வயிற்று மந்தமும் போய்விட்டது.