மலேரியா உள்ள இடத்துக்குப் பயணமா? கொசுவலையைச் சரியாகக் கட்டும் முறை

கொசுவலைக்குள் படுத்தும், காலையில் என் முழங்கையில் வரிசையாக ஏழு தடிப்புகள். வலையில் ஓட்டை எதுவும் இல்லை. தூக்கத்தில் கை வலையோடு ஒட்டிக் கிடந்திருக்கிறது; கொசு வெளியே உட்கார்ந்தபடியே கடித்துவிட்டது. அது மலேரியா உள்ள பகுதி. அடுத்த ஒரு மாதம், உடம்பு இலேசாகச் சுட்டாலும் நெஞ்சு பதறியது. அந்தப் பதற்றம் உங்களுக்கு வேண்டாம்.

1. தடுப்பு மாத்திரை

புறப்பட நான்கு முதல் ஆறு வாரங்களுக்கு முன்பே மருத்துவரைப் பாருங்கள். அட்டோவாகோன்-புரோகுவானில், டாக்சிசைக்ளின் என்ற மாத்திரைகள் இரண்டையும் பயணத்துக்கு ஓரிரு நாள் முன்பு தொடங்கினால் போதும். மெஃப்ளோகுயினுக்குக் குறைந்தது இரண்டு வாரம் வேண்டும். கர்ப்பம், வயது, மற்ற நோய்கள் ஆகியவற்றைப் பொறுத்து மருந்து மாறும். நண்பர் சாப்பிட்டதையே வாங்கிவிடாதீர்கள்.

2. களிம்பு

மலேரியாவைப் பரப்பும் அனோபிலிஸ் பெண் கொசு அந்தி முதல் விடியல் வரை கடிக்கும். பொழுது சாயும் முன்பே முழுக்கைச் சட்டை போட்டு, மூடாத இடங்களில் கொசுவிரட்டிக் களிம்பு பூசிவிடுங்கள். நான் 20 சதவீதம் பிக்காரிடின் என்ற கொசுவிரட்டி மருந்து உள்ளதைத்தான் வாங்குவேன். டீட் (DEET) என்ற மருந்தும் நன்றாகவே வேலை செய்யும். ஆனால் பிளாஸ்டிக்கை அரிக்கும், என் மூக்குக் கண்ணாடிச் சட்டம் அதில் பாழானது. வெயில் களிம்பும் பூசுவதாக இருந்தால் முதலில் அது, அதன்மேல் இது.

3. கொசுவலை

பெர்மெத்ரின் போன்ற பூச்சிமருந்து ஏற்றிய வலையையே வாங்குங்கள். அதில் உட்காரும் கொசு மயங்கி விழும் அல்லது சாகும். மருந்தில்லாத வலை வெறும் துணிதான்.

இருட்டும் முன்பே கட்டுங்கள். கட்டியதும் உள்ளே போய் டார்ச் அடித்து மூலைகளைப் பாருங்கள். ஏற்கெனவே புகுந்த கொசு இரவெல்லாம் உங்களுடன்தான் இருக்கும். பிறகு விளிம்பை மெத்தைக்கு அடியில் ஒரு சாண் ஆழத்துக்குச் செருகுங்கள். மேலே நுனி வைத்துத் தொங்கும் குடை வலையில் பக்கங்கள் உள்நோக்கிச் சரியும். என் முழங்கை மாட்டியது அதில்தான். அதனால் நான்கு மூலையிலும் கட்டும் பெட்டி வலைக்கு மாறிவிட்டேன். உள்ளே படுத்துக் கைகால்களை நன்றாக நீட்டிப் பாருங்கள். எங்கும் வலை தட்டக்கூடாது.

4. ஊர் திரும்பிய பின்

அட்டோவாகோன்-புரோகுவானிலை மேலும் ஏழு நாள், மற்ற இரண்டையும் நான்கு வாரம் தொடர வேண்டும். "வீட்டுக்குத்தான் வந்துவிட்டோமே" என்று நிறுத்தாதீர்கள். ஈரலில் ஒளிந்திருந்த கிருமி பிறகுதான் இரத்தத்துக்கு வரும். மாத்திரையை ஒழுங்காக முடித்திருந்தாலும், ஓராண்டுக்குள் காய்ச்சல் வந்தால் அன்றைக்கே மருத்துவரிடம் போய், பயணம் செய்த இடத்தைச் சொல்லி இரத்தப் பரிசோதனை கேளுங்கள்.

பிற்சேர்க்கை: அறையில் ஆணியோ கொக்கியோ இல்லையே என்று இருவர் கேட்டிருந்தார்கள். பத்து மீட்டர் நைலான் கயிறு எடுத்துப் போங்கள். ஜன்னல் கம்பி, அலமாரிக் கைப்பிடி என்று எதிரெதிரே இரண்டு கயிறுகளை இழுத்துக் கட்டினால் பெட்டி வலையின் நான்கு மூலைகளுக்கும் பிடி கிடைத்துவிடும்.