ஏர் கன்னுக்கு வீட்லயே பெயிண்ட் அடிக்கணுமா, எண்ணெய எடுக்கிறதுதான் மொத வேல

ஏற்காட்டுல காப்பித் தோட்டத்துப் பக்கம் ஏர் கன் வச்சிருக்கவங்களுக்குத் தெரியும், பனியில நாலு மாசம் கோணிக்குள்ள கெடந்தாப் போதும், பேரல் பூரா துரு ஏறிடும். நான் மொத வாட்டி சாதா ஸ்ப்ரே டின் வாங்கி அங்கயே, மழை விட்ட சாயங்காலத்துல அடிச்சேன், ஈரக்காத்துல பால் பூத்த மாதிரி வெளுத்து, மறு மாசமே ட்ரிக்கர் பக்கம் தோல் தோலா உரிஞ்சு போச்சு.

ரெண்டாவது வாட்டி சேலத்துக்கு எறக்கிட்டேன், சித்திரை வெயில்ல. கார் பட்டறைல அடிக்கிற டூகே மேட் பிளாக், அதாவது இறுக வைக்கிற ஹார்டனர் கலந்து அடிக்கிற பெயிண்ட், அதுக்கு அடியில மொதல்ல அடிக்க எபாக்ஸி பிரைமர். பட்டறை அண்ணன் சொன்னாரு, "கலர் அடிக்கிறது அரை மணி நேரம் தம்பி, எண்ணெய எடுக்கத்தான் ஒரு நாளு".

குண்டு உள்ள இல்லன்னு பாத்துட்டு மரக்கட்டைய கழட்டுங்க. ஸ்ப்ரிங் இருக்க டியூப மட்டும் தொடாதீங்க, அழுத்தத்துல இருக்கும், மூஞ்சில அடிச்சிரும். 220 நம்பர் எமரி பேப்பர்ல தேய்ங்க, அப்பறம் 320, பளபளப்பு போயி சொரசொரன்னு வர்ற வரைக்கும். நம்பர் குத்தியிருக்க எடத்துல தேய்க்காதீங்க, லைசன்ஸ் துப்பாக்கின்னா நம்பர அழிக்கிறது 1959 ஆயுதச் சட்டப்படி குத்தம். பேரல் வாய பஞ்சு வச்சு அடைங்க, ரப்பர் சீல் பக்கம் தின்னர் படக்கூடாது, ஊதிப்போயிரும்.

தின்னர்ல தொடச்சிட்டு மொட்டமாடி வெயில்ல போடுங்க. இரும்பு சூடேறுனதும் ஸ்க்ரூ ஓட்டையில இருந்தும் இடுக்குல இருந்தும் எண்ணெய் மெதுவா கசியும், எனக்கு மூணு தடவ கசிஞ்சுது, தொடச்சு தொடச்சு காயவிட்டேன். போச்சான்னு பாக்க நல்ல தண்ணி கொஞ்சம் ஊத்துங்க, முத்து முத்தா நின்னா இன்னும் எண்ணெய் இருக்கு, ஒரே படலமா பரவுனா சரி. ஒடனே காயவச்சிருங்க, வெறும் இரும்பு சட்டுனு துரு புடிக்கும். இதுக்கப்பறம் வெறுங்கையால தொடவே கூடாது, கைரேகையே எண்ணெய்தான்.

ஹார்டனர் எவ்ளோங்கறது டின்லயே போட்டிருக்கும், கண்ணளவு வேணாம். காத்தோட்டமா நின்னு கேஸ் மாஸ்க் போட்டுக்கங்க, கர்ச்சீப் பத்தாது, அந்த ஹார்டனர் நெஞ்சுக்கு ஆகாது. ஒரு சாண் தள்ளி, மெல்லிசா, ஒரு கோட் இழுத்துக்கிட்டப்பறம் அடுத்தது. தடிமனா அடிச்சா வழியறது மட்டுமில்ல, பேரல் மடங்குற எடத்துல உரசி அங்கருந்துதான் மொதல்ல பேரும்.

மறுநாளே காஞ்ச மாதிரிதான் தெரியும், நம்பாதீங்க. ஒரு வாரம் ஆணியில தொங்கட்டும், உள்பக்கம் கட்டை மறைக்கிற எடத்துல நகத்தால கீறிப் பாத்துட்டு அப்பறமா மலைக்கு ஏத்துங்க.