கர்ப்பத்தில் சுகர் என்றால் சோற்றைக் குறைக்கணும், அடியோடு நிறுத்தக் கூடாது

இரண்டாவது பிரசவத்துக்கு முன்னால், 26ஆம் வாரத்தில், 75 கிராம் குளுக்கோஸ் கலந்த தண்ணீரைக் குமட்டக் குமட்டக் குடித்துவிட்டு இரண்டு மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். ரத்தத்தில் சர்க்கரை 158 வந்தது. 140ஐத் தொட்டாலே கர்ப்பகாலச் சர்க்கரைக் கணக்கில் சேர்த்துவிடுவார்கள். கடலூரில் எங்கள் வீட்டில் அன்றைக்கே இரண்டு கட்சி ஆகிவிட்டது. மாமியார், "ரெண்டு உசுருக்குச் சாப்பிடணும், சோத்தக் குறைக்காதம்மா" என்றார். நாத்தனார் இணையத்தில் எதையோ பார்த்துவிட்டு, "சோறே வேணாம் அண்ணி, முட்டையும் பன்னீரும் போதும்" என்றாள்.

நான் நாத்தனார் பேச்சைக் கேட்டேன். நான்கே நாளில் தலைவலி, வாய் வறட்சி, எழுந்து நின்றாலே கிறுகிறுப்பு. சிறுநீரில் கீட்டோன் இருக்கிறது என்று சொல்லி டாக்டரிடம் நல்லா வாங்கிக் கட்டிக்கொண்டேன். மாவுச்சத்து போதாதபோது உடம்பு கொழுப்பை எரித்துச் சமாளிக்கும், அப்போது கீட்டோன் ஏறும், வயிற்றில் பிள்ளை இருக்கும்போது அது வேண்டாத வேலை. கர்ப்பத்தில் ஒரு நாளைக்குக் குறைந்தது 175 கிராம் மாவுச்சத்தாவது வேண்டும். அதனால் மாவுச்சத்தை ரொம்பக் குறைக்கிற கீட்டோ, பேலியோ டயட்டுக்கெல்லாம் இப்போது பேச்சுக்கே இடமில்லை. இன்சுலின் போடுகிறவர்களும் மாத்திரை எடுக்கிறவர்களும் டாக்டரிடம் சொல்லாமல் சோற்றைக் குறைக்கவே குறைக்காதீர்கள், சுகர் தடாலென்று இறங்கிவிடும்.

சரி, அந்த 175ஐ எப்படிப் பிரிப்பது? காலையில் 30 கிராம், மதியம் 45, இரவு 45, நடுவில் மூன்று தடவை சிறுதீனியில் தலா 20. கூட்டிப் பாருங்கள், 180 வரும். காலைக்கு ஏன் குறைவு என்றால், கர்ப்பத்தில் இன்சுலினுக்கு உடம்பு சரியாக அடங்காது, காலை நேரத்தில் அது இன்னும் மோசம். எனக்கு மதியம் சோறு சாப்பிட்டால்கூட ஏறாத சுகர், காலையில் நான்கு இட்லிக்கு எகிறும். இரண்டு இட்லி, ஒரு முட்டை, சட்னியைவிட சாம்பார் அதிகம் என்று மாற்றினேன், அடங்கியது.

இனி சோறு. தயவுசெய்து ஒரே ஒரு நாள் உங்கள் தட்டுச் சோற்றை எடை போட்டுப் பாருங்கள். சமையலறைத் தராசு இல்லையென்றால் மளிகைக் கடையிலாவது. நான் "கொஞ்சம்தான் சாப்பிடறேன்" என்று நினைத்துக்கொண்டிருந்த சோறு 400 கிராம் இருந்தது! வெந்த சோறு 100 கிராமுக்கு 28 கிராம் மாவுச்சத்து, அப்போ ஒரே வேளையில் 112. அதை 150 கிராமாகக் குறைத்து, ஒரு கிண்ணத்தில் அளந்து, அந்தக் கிண்ணத்தையே தினமும் அளவாக வைத்துக்கொண்டேன். தட்டில் காலியான இடத்தில் கோவைக்காய், அவரை, புடலங்காய்ப் பொரியல் இரண்டு மடங்கு, முருங்கைக்கீரை, மீன். பொரியலையும் மீனையும் முதலில் பாதி தின்றுவிட்டு அப்புறம் சோற்றுக்கு வாருங்கள், இந்த வரிசைக்கே சுகர் மெதுவாக ஏறும்.

மீனுக்கு நம்ம ஊரில் பஞ்சமா என்ன. முதுநகர் துறைமுகமோ புதுச்சேரி பெரிய மார்க்கெட்டோ, நெத்திலி, மத்தி, சங்கரா போதும். சுறா மட்டும் இப்போது வேண்டாம், பெரிய வஞ்சிரமும் அடிக்கடி வேண்டாம், சின்ன மீனைத் தின்று தின்று பெரிய மீனில் பாதரசம் சேர்ந்திருக்கும். பால் சுரக்கும் என்று சுறாப்புட்டு கிண்டுவார்கள், தாய்ப்பால் கொடுக்கும்போதும் சுறா நல்லதில்லை என்பதை இப்போதே அம்மா காதில் போட்டு வையுங்கள்.

ஏமாறுகிற இடங்கள் சில. கேழ்வரகு மாவில் 100 கிராமுக்குச் சுமார் 70 கிராம் மாவுச்சத்து, அரிசிக்கு ரொம்பத் தள்ளியில்லை; களியாகவோ அடையாகவோ அளவோடு சரி, கூழாகக் கரைத்துக் குடித்தால் சர்ரென்று ஏறும். சப்பாத்தியும் அப்படித்தான், "சோறுதான் இல்லையே" என்று நான்கு சப்பாத்தி போட்டால் கணக்கு ஒன்றுதான். கருப்பட்டி, நாட்டுச்சர்க்கரை, தேன் மூன்றும் சர்க்கரையே. சிறுதீனிக்கு அவித்த கொண்டைக்கடலை, சுண்டல், ஒரு கொய்யா, ஒரு கை வேர்க்கடலை. பண்ருட்டி முந்திரி பக்கத்திலேயே கிடைக்கிறது என்று டப்பாவோடு உட்காராதீர்கள், வேர்க்கடலையைப்போல இரண்டு மடங்கு மாவுச்சத்து அதில். வளைகாப்புக் கலந்த சாதத்தை ஏழு வகையிலும் ஒவ்வொரு ஸ்பூன் வாயில் வைத்தால் போதும், யாரும் கோபித்துக்கொள்ளவில்லை.

இதெல்லாம் என் உடம்புக்கு. உங்கள் உடம்புக்கு எது ஏறுகிறது என்று குளுக்கோமீட்டர்தான் சொல்லும். வெறும் வயிற்றில் 95க்குக் கீழே, சாப்பிட ஆரம்பித்து ஒரு மணி நேரத்தில் 140க்குக் கீழே, இரண்டு மணி நேரத்தில் 120க்குக் கீழே, பொதுவாகக் கொடுக்கும் இலக்கு இது. பக்கத்திலேயே என்ன சாப்பிட்டீர்கள் என்றும் எழுதுங்கள், வெறும் எண்ணை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. சாப்பிட்ட பிறகு பதினைந்து நிமிடம் நடங்கள். சில்வர் பீச் வரைக்கும் போக வேண்டாம், மாடியில் நடந்தாலே எனக்கு 10, 15 குறையும். இவ்வளவுக்கும் இறங்கவில்லை என்றால் இன்சுலின் ஊசி போடுவார்கள், போட்டுக்கொள்ளுங்கள், பிள்ளைக்கு ஒன்றும் ஆகாது. இன்சுலினைச் சரியாக வேலை செய்யவிடாமல் தடுப்பது நஞ்சுக்கொடியில் சுரக்கும் ஹார்மோன்கள்தான், அதற்கு உங்கள் வாயைக் குறை சொல்ல முடியாது.

பிரசவமாகி ஆறு வாரத்துக்கு மேல் அதே 75 கிராம் தண்ணீரை இன்னொரு தடவை குடிக்க வேண்டும், இதை நிறையப் பேர் பிள்ளை மும்முரத்தில் விட்டுவிடுகிறார்கள். எனக்கு அது சரியாகப் பலாப்பழக் காலத்தில் வந்தது. அம்மா சுளை உரித்து டப்பாவில் போட்டு மூடி, "ரிசல்ட் வரட்டும், அப்புறம் தரேன்" என்று அலமாரி மேல் வைத்துவிட்டார்.