120 சதவீதம் அம்பு படும் என்று கணக்குப் போட்டவள் எழுதும் பகடைப் பாடம்

போன மழைக்காலத்தில் ஒரு சனிக்கிழமை இரவு, பெங்களூரு அல்சூரில் எங்கள் வீட்டு ஹாலில், பகடை உருட்டி ஆடும் கதை விளையாட்டில், என் வீராங்கனை ஒரு தொங்குபாலத்தின் முன்னால் நின்றுகொண்டு நகர மாட்டேன் என்று அடம்பிடித்தாள். எதிர்க்கரைப் பாறை மேல் நான்கு கோப்ளின்கள் (குட்டி அரக்கர்கள்), கையில் வில். ஒவ்வோர் அம்பும் என் மேல் பட 30 சதவீத வாய்ப்பு. நாலு முப்பது நூற்றிருபது. "கண்டிப்பா அடி விழும், நான் வரலை" என்றேன்.

எங்கள் கேம் மாஸ்டர், அதாவது கதையை நடத்துபவர், கன்னடக்காரர். எங்களோடு ஆடி ஆடித் தமிழ் நன்றாகவே பழகிவிட்டது. "120 பர்சென்ட்டா? நூறு உங்களுக்கு, மிச்சம் இருபது யாருக்குங்க, குதிரைக்கா?" என்றார். மேசையே சிரித்தது. மற்ற மூவரும் பாலத்தைத் தாண்டிப் போய்ப் புதையலைப் பங்கு போட்டுக்கொண்டார்கள். எனக்கு ஒரு செப்புக்காசுகூடக் கிடைக்கவில்லை.

அந்தக் கடுப்பில் ஒரு வாரம் நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்து கற்றுக்கொண்டதுதான் இது. டேபிள்டாப் ஆர்.பி.ஜி. (மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆளுக்கொரு கதாபாத்திரமாக ஆடும் கதை விளையாட்டு) எப்படி நடக்கும், கதாபாத்திரத் தாளை எப்படி நிரப்புவது என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன். நான் ஆடுவது டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ், 2014-இல் வந்த ஐந்தாம் பதிப்பு. உதாரணங்கள் எல்லாம் அதிலிருந்துதான்.

படி 1: ஏழு பகடைகளையும் வாசிக்கப் பழகுங்கள்

ஒரு செட்டில் ஏழு இருக்கும்: டி4, டி6, டி8, டி12, டி20, அப்புறம் டி10 இரண்டு. டி-க்குப் பக்கத்தில் இருப்பது பக்கங்களின் எண்ணிக்கை. 2டி6+3 என்று எழுதியிருந்தால் ஆறு பக்கப் பகடை இரண்டை உருட்டிக் கூட்டி, மேலே 3 சேருங்கள். அவ்வளவுதான்.

டி10-ஐத் தவிர மற்ற ஐந்தும் பிளேட்டோனியத் திண்மங்கள். எல்லாப் பக்கமும் விளிம்பும் கோணமும் சமமான ஒரே வடிவம், ஒரே அளவு, எல்லா முனையும் ஒன்றுபோல. உலகத்தில் அப்படிப்பட்ட குவிந்த வடிவங்கள் மொத்தமே ஐந்துதான். டி10 அந்தக் குடும்பத்தில் பிறந்ததில்லை, ஆனாலும் பக்கங்கள் பத்தும் ஒரே அச்சு என்பதால் விழும் வாய்ப்பும் சமம். 1974-இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் இந்த விளையாட்டை வெளியிட்டபோது, பள்ளிகளுக்குக் கணிதக் கருவி விற்றவர்களிடம் இருந்துதான் பகடைகள் வந்தன. அந்தக் காலத்து இருபது பக்கப் பகடையில் 0 முதல் 9 வரை இரண்டு முறை அச்சிட்டிருப்பார்கள்.

டி4 பிரமிடு மாதிரி உட்காரும், மேலே பக்கம் எதுவும் இருக்காது, முனைதான். கண்ணில் படும் மூன்று பக்கத்திலும் நேராக நிற்கும் எண் ஒன்றாகவே இருக்கும், அதுதான் விடை. தனி டி10-இல் 0 விழுந்தால் பத்து.

நூறு வேண்டும் என்றால் இரண்டு டி10-ஐயும் சேர்த்து உருட்ட வேண்டும். 00, 10, 20 என்று போகும் பகடை பத்தாம் இடம், மற்றது ஒன்றாம் இடம். 70-உம் 0-உம் விழுந்தால் 70. 00-உம் 5-உம் விழுந்தால் 5. 00-உம் 0-உம் விழுந்தால் பூஜ்யம் இல்லை, நூறு. கால் ஆஃப் கதுல்ஹு மாதிரி குறைவாக விழுந்தால் நல்லது என்ற விளையாட்டில் இது தெரியாமல் நான் ஒரு தடவை கைதட்டிக் குதித்திருக்கிறேன். அந்த விளையாட்டில் நூறைவிட மோசமான எண் கிடையாது.

வாங்கும்போது: கண்ணாடி போல மினுக்கும், உள்ளே ஜிகினா மிதக்கும் பகடைகள் போட்டோவில் அழகு, மாலை வெளிச்சத்தில் எண் தெரியாது. கறுப்பில் வெள்ளை எண், அல்லது வெள்ளையில் கறுப்பு. உலோகப் பகடை வேண்டவே வேண்டாம். எங்களில் ஒருவர் கொண்டுவந்த பித்தளை நிறச் செட் தரையில் விழுந்த சத்தத்தில் கீழ் வீட்டு ஆன்ட்டி மேலே ஏறி வந்து, "என்னம்மா, கிரைண்டரை ஏதாவது உருட்டறீங்களா?" என்று கேட்டார். உருட்டுவதற்கென்று விற்கும் தோல் தட்டும் தண்டச் செலவு. பூஜைத் தாம்பாளத்தில் பழைய துண்டை விரித்தால் போதும்.

படி 2: டி20-இல் பக்கங்களை எண்ணுங்கள்

டி20-இல் ஒரு பக்கத்துக்கு 5 சதவீதம். எத்தனை பக்கம் உங்களுக்குச் சாதகம் என்று எண்ணி ஐந்தால் பெருக்கினால் வாய்ப்பு வந்துவிடும். கோப்ளின் அம்பு எய்தால் டி20-ஐ உருட்டி 4 கூட்டும், அது என் கவச எண்ணைத் தொட்டால் அம்பு படும். என் கவசம் 19. எனவே அதற்குப் பகடையில் 15 அல்லது அதற்கு மேல் விழ வேண்டும். 15, 16, 17, 18, 19, 20, மொத்தம் ஆறு பக்கம். 30 சதவீதம். இருபதில் பதினைந்தைக் கழித்து ஐந்து என்று எழுதுவது எல்லோரும் செய்யும் தப்பு. 21-இல் இருந்து கழியுங்கள்.

படி 3: பகடை இரண்டானால் நடு வீங்கும்

ஒரு பகடையில் எல்லா எண்ணும் சமம். இரண்டைக் கூட்டினால் சமம் போய்விடும். இதைத் தமிழர்களுக்கு விளக்க டி6 எதற்கு, தாயக்கட்டை இருக்கிறதே!

என் மாமியார், நான் அத்தை என்று கூப்பிடுவேன், வைகுண்ட ஏகாதசி இரவு கண் விழிக்கத் தரையில் சாக்பீஸால் கட்டம் போட்டு உட்கார்ந்துவிடுவார். கட்டை இரண்டும் பித்தளை, விரல் நீளம். அவர் இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து நாலு தடவை தேய்த்துவிட்டுத்தான் விடுவார், அந்தக் கிணுகிணுச் சத்தம் அடுப்படி வரை கேட்கும். ஒவ்வொரு கட்டையிலும் நான்கு பக்கம்: 1, 2, 3 புள்ளிகள், ஒரு பக்கம் வெறுமை. அதாவது 0 முதல் 3 வரை எண் போட்ட டி4 இரண்டு.

கட்டம் போட்ட நோட்டில் மேலே 0, 1, 2, 3, இடப்பக்கம் 0, 1, 2, 3 எழுதி, சந்திக்கும் கட்டத்தில் கூட்டுத்தொகையைப் போடுங்கள். பதினாறு கட்டம் வரும். இதைப் படித்துவிட்டுக் கடந்து போகாமல் உண்மையிலேயே கையால் போடுங்கள்.

மூன்று நான்கு கட்டத்தில் வருகிறது, 25 சதவீதம். தாயம், அதாவது ஒன்று, இரண்டே கட்டம், 12.5 சதவீதம். இரண்டும் வெறுமையாக விழுந்தால் பன்னிரண்டு என்று எண்ணுவோமே, அது ஒரே கட்டம், 6.25 சதவீதம். தாயம் போட்டால்தான் காய் உள்ளே இறங்கும் என்று விதி வைத்தவர்கள் லேசுப்பட்டவர்கள் இல்லை.

இதே படத்தை 6-க்கு 6 போட்டால் 2டி6. முப்பத்தாறு கட்டத்தில் ஏழு ஆறு தடவை வரும், பன்னிரண்டு ஒரே தடவை. 2டி6 பெரிய வாளும் 1டி12 பெரிய கோடரியும் கிட்டத்தட்ட ஒன்றுதானே என்று கேட்பார்கள். சராசரி 7, 6.5. ஆனால் பன்னிரண்டு விழும் வாய்ப்பு வாளுக்கு 36-இல் 1, கோடரிக்கு 12-இல் 1. ஒன்று விழும் வாய்ப்பு கோடரிக்கு மட்டும்தான் உண்டு. சம்பளக்காரிக்கு வாள், லாட்டரிக்காரிக்கு கோடரி. நான் வாள்.

சராசரி வேண்டுமா? பக்கங்களோடு ஒன்றைக் கூட்டிப் பாதியாக்குங்கள். டி6-க்கு 3.5, டி8-க்கு 4.5. எட்டு டி6 உருட்டும் நெருப்புக்கோள மந்திரத்துக்கு 28.

படி 4: விழாததை எண்ணுங்கள் (நான் விழுந்த இடம்)

பாலத்துக்கு வருவோம். நாலு அம்பு, ஒவ்வொன்றும் 30 சதவீதம். நான் கூட்டினேன். எங்கே தப்பு?

முதல் அம்பும் பட்டு இரண்டாவதும் படுகிற சந்தர்ப்பம் என்று ஒன்று இருக்கிறது. கூட்டும்போது அதை இரண்டு தடவை எண்ணிவிடுகிறோம். அதைக் கழித்து, மூன்று அம்பு படுவதைத் திரும்பச் சேர்த்து என்று போனால் தலை சுற்றிவிடும். நானும் அப்படித்தான் இரண்டு பக்கம் எழுதிக் கிழித்தேன்.

சுலபமான வழி, கேள்வியைத் திருப்பிப் போடுவது. "ஒன்றாவது படுமா" என்று கேட்காதீர்கள். "ஒன்றுகூடப் படாமல் இருக்குமா" என்று கேளுங்கள். ஒன்றுகூடப் படாமல் இருக்க ஒரே வழிதான் உண்டு: முதலாவதும் தப்ப வேண்டும், இரண்டாவதும், மூன்றாவதும், நான்காவதும். ஒவ்வொன்றும் தப்ப 0.7. எனவே 0.7 × 0.7 × 0.7 × 0.7 = 0.2401. நான்கும் தப்பும் வாய்ப்பு 24 சதவீதம். மீதி 76 சதவீதம்தான் ஏதாவது ஒன்றாவது படுவதற்கு. 120 இல்லை.

அப்படியானால் அந்த 120 முழுப் பொய்யா என்றால், இல்லை. அது வேறு கேள்விக்குச் சரியான பதில். 1.2 என்பது சராசரியாக எத்தனை அம்பு படும் என்ற எண். ஓர் அம்பின் சேதம் 1டி6+2, சராசரி 5.5. இரண்டையும் பெருக்கினால் 6.6. டி20-இலேயே 20 விழுந்தால் சேதப் பகடை இரட்டிப்பாகும் என்பதையும் சேர்த்தால் 7 சொச்சம். அன்றைக்கு என் உயிர்ப்புள்ளி 22! ஓடியே தாண்டியிருக்கலாம். இதைக் கண்டுபிடித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

படி 5: இரண்டு டி20

ஐந்தாம் பதிப்பில் அட்வான்டேஜ் என்றால் டி20 இரண்டை உருட்டிப் பெரியதை எடுப்பது, டிஸ்அட்வான்டேஜ் என்றால் சிறியதை. படி 4 புரிந்திருந்தால் இது ஒரு வரி வேலை. கோப்ளின் புதரில் ஒளிந்திருந்து எய்தால் அதற்கு அட்வான்டேஜ். இரண்டு பகடையும் தோற்க 0.7 × 0.7 = 0.49, எனவே பட 51 சதவீதம். டிஸ்அட்வான்டேஜில் இரண்டுமே ஜெயிக்க வேண்டும்: 0.3 × 0.3, வெறும் 9.

அட்வான்டேஜ் என்பது +5 மாதிரி என்று மேசைக்கு மேசை சொல்வார்கள். 11 வேண்டிய இடத்தில் அது சரி, 50 சதவீதம் 75 ஆகிறது. 20 வேண்டிய இடத்தில் 5 சதவீதம் 9.75 ஆகிறது, அது +1-க்குச் சமம். நடுவில் கொழுத்து ஓரத்தில் மெலியும் சமாச்சாரம்.

இப்போது வேடிக்கை. தரையில் படுத்தவர் மேல் தூரத்திலிருந்து எய்தால் டிஸ்அட்வான்டேஜ். நான் பாலத்தில் தவழ்ந்து போயிருந்தால்? தவழ்ந்தால் வேகம் பாதி, ஒரே சுற்றில் தாண்டக்கூடிய 30 அடிப் பாலத்துக்கு இரண்டு சுற்று, சுற்றுக்கு நாலு அம்பு. நாலு அம்புக்குப் பதில் எட்டு அம்பு. ஆனால் ஒவ்வொன்றும் 9 சதவீதம்தான். எட்டும் தப்ப 0.91-ஐ எட்டுத் தடவை பெருக்குங்கள், 0.47. ஏதாவது படும் வாய்ப்பு 53. ஓடினால் 76, தவழ்ந்தால் 53. போன் கால்குலேட்டர் போதும். எனிடைஸ் என்றொரு இணையதளம் இதையெல்லாம் வரைபடமாகவே போட்டுக் கொடுக்கும், நல்ல கருவிதான், ஆனால் முதல் மாதம் அங்கே போகாதீர்கள். விடை வந்துவிடும், கணக்கு வராது.

பின்சேர்க்கை 1

ஒரு வாசகர் கேட்டிருந்தார்: "இருபது தடவை உருட்டியும் 20 விழவில்லை. பகடை கோணலா?" விழாததை எண்ணுங்கள். 0.95-ஐ இருபது தடவை பெருக்கினால் 0.36. மூன்று பேரில் ஒருவருக்கு நடக்கக்கூடியதே. அடுத்த உருட்டலில் 20 விழும் வாய்ப்பு அப்போதும் 5 சதவீதம்தான், பகடைக்கு ஞாபகம் கிடையாது. சந்தேகம் தீரவில்லை என்றால் 200 தடவை உருட்டிக் குறித்து வையுங்கள். ஒவ்வோர் எண்ணும் 10 தடவையை ஒட்டி வர வேண்டும், 4 முதல் 16 வரை ஏறி இறங்கினால் கவலை வேண்டாம். ஒரே எண் 25 தடவை வந்தால் அந்தப் பகடையைக் குழந்தைகளுக்கு விளையாடக் கொடுத்துவிடுங்கள்.

இன்னொன்றும் பாருங்கள். டி20-இல் எதிரெதிர்ப் பக்கங்களைக் கூட்டினால் வழக்கமாக 21 வரும், பெரிய எண்ணும் சிறிய எண்ணும் கலந்தே இருக்கும். 20, 19, 18 என்று அடுத்தடுத்து ஒட்டியிருந்தால் அது சில சீட்டு விளையாட்டுகளில் புள்ளி குறைவதை எண்ணிக் காட்ட வைத்திருக்கும் பகடை. கைப்பழக்கம் உள்ளவர் அதைப் பெரிய எண் பக்கமாக விழவைத்துவிடலாம். மேசைக்கு எடுக்காதீர்கள்.

பின்சேர்க்கை 2

இதையெல்லாம் அத்தையிடம் சொல்லிப் பார்த்தேன். அவருடைய பழைய புலம்பல் ஒன்று உண்டு: "எட்டு வாட்டி போட்டேன்மா, ஒரு தாயம் விழலை. யாரு கண்ணு பட்டுதோ."

"கண்ணெல்லாம் இல்லை அத்தை. தாயம் எட்டுக்கு ஒண்ணுதான். எட்டு வாட்டியும் விழாம இருக்க 34 சதவீதம் வாய்ப்பு இருக்கு" என்று நோட்டைக் காட்டினேன்.

மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு பெருக்கலைப் பார்த்தார். "அப்போ மூணு பேரு உக்காந்து ஆடினா, எட்டு ஆட்டம் தாண்டியும் ஒருத்தி வெளியவே நிப்பான்னு சொல்லு."

"ஆமா அத்தை."

"அது எனக்கு எப்பவோ தெரியும். உங்க மாமாவோட அக்காதான் எப்பவும் நிப்பா" என்று சொல்லிவிட்டுக் கட்டையைத் தேய்க்க ஆரம்பித்தார்.