வெளியில் பிடித்த சுவர்க்கோழிகளையும் இலைவெட்டுக்கிளிகளையும் வளர்க்கும் முறை

அரவானா மீனுக்கும் கூண்டுக் காடைக்கும் டரான்டுலா சிலந்திக்கும் உயிருள்ள இரை தேடுபவர்கள், வயலோரத்தில் பிடித்த சுவர்க்கோழியை அன்றைக்கே இரையாகப் போட்டுவிடுகிறார்கள். இதைத் தவிர்ப்பது நல்லது. பிடிபட்ட பூச்சி எந்த மருந்து தெளித்த செடியைத் தின்றது, வயிற்றில் எந்தப் புழுவைச் சுமக்கிறது என்பது பார்த்தால் தெரியாது. ஆகவே பிடித்து வருபவற்றைத் தாய்ப்பூச்சிகளாக மட்டும் வைத்துக்கொண்டு, அவற்றின் முட்டையிலிருந்து நம் தொட்டியில் பிறந்து வளர்ந்தவற்றையே இரையாகக் கொடுக்க வேண்டும். ஆண் பூச்சிகள் எழுப்பும் பாட்டைக் கேட்பதற்காக வளர்ப்பவர்களுக்கு இந்தக் கட்டுப்பாடு தேவையில்லை.

தமிழ்நாட்டில் எளிதாகக் கிடைப்பவற்றுள் வளர்ப்புக்கு மிகவும் ஏற்றது, கறுத்துத் தடித்த உடலும் முன்னிறக்கைகளின் தொடக்கத்தில் இரண்டு வெளிர்மஞ்சள் புள்ளிகளும் கொண்ட கிரில்லஸ் பைமேக்குலேட்டஸ் என்னும் வயல் சுவர்க்கோழியே. இதற்கு உறக்கப் பருவம் கிடையாது. வெப்பம் இருந்தால் ஆண்டு முழுவதும் பெருகும். பின்புறம் ஊசிபோல் நீண்ட முட்டையிடும் குழல் இருந்தால் அது பெண். இலைபோன்ற இறக்கை கொண்ட இலைவெட்டுக்கிளியில் அந்த உறுப்பு பெரும்பாலும் அரிவாள்போல் வளைந்தோ வாள்போல் தட்டையாகவோ இருக்கும். இரண்டு இனங்களுக்கும் உணர்கொம்பு உடலளவுக்கோ அதைவிட அதிகமாகவோ நீண்டிருக்கும். உணர்கொம்பு குட்டையாக இருப்பவை வேறு குடும்பத்து வெட்டுக்கிளிகள். அவற்றுள் எருக்கஞ்செடியில் நீலமும் மஞ்சளுமாகத் திரியும் வகை, எருக்கின் நஞ்சைத் தன் உடலில் சேர்த்து வைப்பதால், எந்தப் பிராணிக்கும் இரையாகக் கூடாது.

பிடிப்பதற்கு மழை விட்ட இரவுகள் உகந்தவை. ஈரக் கோணிச்சாக்கு ஒன்றை மாலையில் வேலியோரம் விரித்து, விடியற்காலையில் தூக்கிப் பார்த்தால் அடியில் சில பதுங்கியிருக்கும். வழுவழுப்பான சுவருடைய டப்பாவை வாய் தரைமட்டத்துக்கு வரும்படி புதைத்து, உள்ளே சிறிது வெல்லமும் தவிடும் வைப்பதும் பலன் தரும். இலைவெட்டுக்கிளியைக் குரல் வந்த திசையில் டார்ச் அடித்துத் தேடி, கண்ணாடித் தம்ளரால் மூடி, அட்டையை அடியில் செருகி எடுக்க வேண்டும். பின்னங்காலைப் பிடித்தால் காலை உதறிவிட்டுப் போய்விடும். வளர்ந்த பூச்சிக்கு அந்தக் கால் மீண்டும் முளைக்காது. மருந்தடித்த வயலையும் பூச்சிமருந்து வைத்த கட்டடங்களையும் விலக்கிவிடுங்கள். சரணாலயம், தேசியப் பூங்கா முதலிய வனத்துறை நிலங்களில் அனுமதியின்றி எந்த உயிரையும் பிடிக்கக் கூடாது.

கொண்டுவந்தவற்றை இரண்டு வாரமாவது தனி டப்பாக்களில் வைத்துக் கவனியுங்கள். தண்ணீரைத் தேடி அலையும் பூச்சியின் உடலிலிருந்து நீளமான முடி போன்ற குதிரைமுடிப் புழு நெளிந்து வெளிவருவதும், சிலவற்றிலிருந்து ஈக்களின் புழுக்கள் வெளிவருவதும் உண்டு. இவை கண்ணுக்குத் தெரிகிற ஆபத்துகள். பூனை, நாய்களின் வயிற்றில் வாழும் பைசலாப்டெரா போன்ற புழுக்கள், சுவர்க்கோழியை இடைநிலை ஓம்புயிராக, அதாவது தம் இளம்பருவத்தைச் சுமக்கும் உயிராகக் கொண்டு, வெளியே தெரியாமல் உள்ளேயே தங்கியிருக்கும். கடையில் வாங்கிய பூச்சிகளோடு, பிடித்து வந்தவற்றைக் கலக்கவும் வேண்டாம்; அக்கீட்டா என்னும் வீட்டுச் சுவர்க்கோழி வகையைத் தாக்கும் டென்சோ வைரஸ் ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் பெரிய பண்ணைகளையே காலி செய்திருக்கிறது.

வீட்டில் வளர்க்க 30 லிட்டர் பிளாஸ்டிக் தொட்டி போதும். மூடியில் பெரிய துளை வெட்டி உலோக வலை ஒட்டுங்கள். நைலான் வலையைச் சுவர்க்கோழி கடித்து அறுத்துவிடும். காகிதக்கூழால் ஆன முட்டை அட்டைகளைச் செங்குத்தாக அடுக்கினால், எச்சம் கீழே விழுந்து அட்டை காய்ந்தே இருக்கும். நெரிசலும் ஈரமும் சேர்ந்தால் துர்நாற்றம் எழும். அதைத் தொடர்ந்து சாவும் வரும். நம் வீடுகளில் நோயைவிட அதிகமான பூச்சிகளைக் கொல்பவை வேறு இரண்டு. ஒன்று, எறும்பைத் தடுக்கத் தொட்டியைச் சுற்றிக் கோடு போடும் எறும்புச் சாக்குக்கட்டி, அது பூச்சிக்கொல்லியே. மற்றொன்று, அதே அறையில் இரவெல்லாம் எரியும் கொசுவத்தியும் மின்கொசுவிரட்டியும். எறும்பு வராதிருக்க, தொட்டியை ஒரு மணைமேல் வைத்து, மணையின் கால்களைத் தண்ணீர்க் கிண்ணங்களில் நிறுத்தும் பழைய முறையே போதுமானது.

உணவுக்குக் கோழிக்குஞ்சுத் தீவனத்தை அடிப்படையாகக் கொள்ளலாம். கோதுமைத் தவிடும் சிறிது கருவாட்டுத்தூளும் சேர்த்தால் புரதம் நிறையும். புரதம் குறைந்தால் ஒன்றையொன்று தின்னத் தொடங்கும். கேரட், சர்க்கரைவள்ளிக் கிழங்கு, நன்றாகக் கழுவிய முருங்கைக்கீரை ஆகியவற்றை மாற்றி மாற்றி வைத்து, மீந்ததை மறுநாளே அகற்றுங்கள். திறந்த தண்ணீரில் குஞ்சுகள் மூழ்கிவிடும் என்பதால் நனைத்த பஞ்சையே வைக்க வேண்டும்.

முட்டையிட, நனைத்துப் பிழிந்த தேங்காய் நார்த்தூளைச் சிறு டப்பாவில் 3 முதல் 4 செ.மீ. ஆழத்துக்கு நிரப்பி, மேலே சல்லடைக் கம்பிவலை போடுங்கள். பெண் வலைக்கண் வழியே குழலைச் செலுத்தி முட்டையிடும். மற்றவை முட்டையைத் தோண்டித் தின்ன முடியாது. இரண்டு மூன்று நாளுக்கொருமுறை டப்பாவை மாற்றி, எடுத்ததை ஈரம் காயாமல் 28 முதல் 30 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் வைத்தால் ஏறக்குறைய 10 முதல் 14 நாளில் எள்ளளவுக் குஞ்சுகள் வெளிவரும். ஆறு முதல் எட்டு வாரத்தில் அவை முதிர்ந்துவிடும். குஞ்சுகளைப் பெரியவற்றோடு விடக் கூடாது.

சுவர்க்கோழியின் உடலில் பாஸ்பரசைவிடக் கால்சியம் மிகவும் குறைவு. எனவே இரையாக்குவதற்கு ஒரு நாள் முன்பிருந்து கீரை ஊட்டி, பல்லிவகைப் பிராணிகளுக்குக் கொடுக்கையில் கால்சியம் கார்பனேட் தூளிலும் புரட்டிக் கொடுக்க வேண்டும். பல்லிவகைப் பிராணிகளுக்கு இரையின் அளவு, தின்னும் பிராணியின் இரு கண்களுக்கு இடையிலான தூரத்தைத் தாண்டாதிருப்பது பாதுகாப்பு. மீனுக்கும் சிறு பறவைக்கும் கொடுக்கும்போது முள்நிறைந்த பின்னங்கால்களை நீக்கிவிடுவது நல்லது. தின்னாமல் மீந்த சுவர்க்கோழியை இரவில் கூண்டிலேயே விட்டால், தூங்கும் பிராணியை அது கடிக்கும்.

இலைவெட்டுக்கிளியை இரைக்காக வளர்ப்பது வீண்வேலை என்பது என் கருத்து. வளர்ச்சி மெதுவானது, முட்டையிடும் இடமும் இனத்துக்கு இனம் மாறுபடும். பாட்டுக்காக வளர்ப்பதென்றால் மெக்கோபோடா என்னும் இலைவெட்டுக்கிளி வகை நல்ல தேர்வு. தென்னிந்தியாவில் தோற்றத்தில் ஒன்றுபோலவே இருக்கும் மெக்கோபோடா ஆண்கள் பாட்டில் பல வகையாகப் பிரிகின்றன. பெரும்பாலும் உரத்த குரல்தான், ஆகையால் படுக்கையறையில் வைக்க வேண்டாம். கூண்டு அகலத்தைவிட உயரமாக இருப்பது முக்கியம், ஏனெனில் தோலுரிக்கும்போது தலைகீழாகத் தொங்கித் தன் உடல் நீளத்தைப்போல் இரண்டு மூன்று மடங்கு இடம் கேட்கும். இடம் போதாவிட்டால் இறக்கை கோணி, ஆண் பாடாமலே போகும். உரித்த தோலை அதுவே தின்னும், எடுத்துவிடாதீர்கள். எந்தச் செடியில் பிடித்தீர்களோ அதன் இலையையே முதலில் கொடுத்து, பிறகு கொய்யா, செம்பருத்தி இலைகளையும் பூசணிப் பூவையும் பழக்குங்கள். இரவில் இலைமேல் தண்ணீர் தெளித்தால் துளிகளைக் குடிக்கும். வெறுங்கையால் எடுக்கையில் எச்சரிக்கை தேவை. பெரியவை இரத்தம் வருமளவுக்குக் கடிக்கும்.

மிகுந்துபோன பூச்சிகளைத் தோட்டத்தில் கொட்டிவிடாமல், உறைபெட்டியில் வைத்துக் கொன்று கோழிக்குக் கொடுக்கலாம். வெளியில் பிடித்ததைத் திரும்ப விடுவதானால், வேறு பூச்சிகளோடு கலக்காமல் வைத்திருந்ததை மட்டும், பிடித்த அதே இடத்தில் விடுங்கள்.