உறை எங்கே?

போன மாதம் டர்பன் சாட்ஸ்வொர்த்திலிருந்து ஒரு தம்பி வீட்டுக்கு வந்தான். இரண்டாம் உலகப் போரில் சண்டை விமானம் ஓட்டியவர் எழுதிய கடிதம் ஒன்றை ஏலத்தில் எடுத்திருக்கிறான். பிளாஸ்டிக் கோப்பில் அழகாகச் செருகிக் கொண்டுவந்திருந்தான்.

"உறை எங்கேடா?" என்றேன்.

"கோப்புல நுழையல மாமா. பழுப்பேறி அசிங்கமா வேற இருந்துச்சு, தூக்கிப் போட்டுட்டேன்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவன்மேல் பாதி, என்மேல் பாதி.

லேமினேட் செய்யாதே, வெயில் படும் சுவரில் மாட்டாதே என்பதெல்லாம் எல்லாரும் சொல்வதுதான். போர் விமானிகளின் கடிதமும் கையெழுத்தும் சேர்க்கிறவர்கள் செய்யும் வேறு சில தவறுகளைத்தான் நான் சொல்ல வருகிறேன்.

தேதியைக் கூட்டிக் கழித்துப் பார்க்காமல் வாங்குவது

நம் தென்னாப்பிரிக்காவில் எல்லாரும் தேடுவது போர் விமானி செய்லர் மாலன் கையெழுத்தை. கேப் பகுதி வெலிங்டனில் பிறந்தவர், 1940இல் பிரிட்டன் வான்போரில் 74ஆம் ஸ்குவாட்ரனை நடத்தியவர். 1951இல், கலப்பின மக்களின் வாக்குரிமையைப் பறிக்க அரசு கிளம்பியபோது டார்ச் கமாண்டோ இயக்கத்தின் தலைவராக நின்றார் என்பதால் எனக்குக் கூடுதல் பிரியம். அவர் இறந்தது 1963 செப்டம்பரில். பிரிட்டன் வான்போரின் 25ஆம் ஆண்டு ஸ்டாம்புகள் வந்ததோ 1965 செப்டம்பரில். அந்த ஸ்டாம்பை ஒட்டி, அது வெளியான நாளிலேயே முத்திரை குத்திய முதல்நாள் உறையில் மாலன் கையெழுத்து என்று ஒருவர் என்னிடம் பெருமையாகக் காட்டினார். ஆவிதான் வந்து போட்டிருக்க வேண்டும்.

கடைசிக் காலத்தில் மாலனுக்குப் பார்க்கின்சன் நோய். அந்த நோயில் எழுத்து சிறுத்துக்கொண்டே போவது வழக்கம். 1962 என்று தேதி போட்டு, பக்கம் முழுக்க வீசி எழுதிய கையெழுத்து கிடைத்தால் இரண்டு முறை யோசியுங்கள்.

இன்னொரு தென்னாப்பிரிக்க விமானி பேட் பேட்டில் 1941 ஏப்ரலிலேயே கிரேக்க வானில் விழுந்துவிட்டார். ரசிகர்களுக்குக் கையெழுத்துப் போட அவருக்கு ஏது நேரம்? மலிவாக வந்தால் கிட்டேயே போகாதீர்கள்.

ஏர்கிராஃபை மை என்று நம்புவது

போர்க்காலத்தில் ஏர்கிராஃப் என்ற முறையில் கடிதத்தைப் படிவத்தில் எழுதி வாங்கி, சின்ன ஃபிலிமில் படம் பிடித்து, ஃபிலிமை மட்டும் விமானத்தில் அனுப்பினார்கள். போய்ச் சேர்ந்த இடத்தில் உள்ளங்கை அளவுத் தாளில் பிரிண்ட் போட்டுப் பட்டுவாடா செய்தார்கள். ஆக, அதிலுள்ள கையெழுத்து வெறும் புகைப்படம். லென்ஸ் வைத்துப் பாருங்கள், மை தாளில் இறங்கிய தடமே இருக்காது. கடிதம் என்ற வகையில் அதற்கு மதிப்பு உண்டு. கையெழுத்துக்கான விலை கொடுக்காதீர்கள்.

கையெழுத்தை மட்டும் வெட்டி எடுப்பது

கத்தரியைக் கீழே வை.

உறையைத் தூக்கிப் போடுவது

1986. எனக்கு 26 வயது. வடக்கு ஆப்பிரிக்கப் பாலைவனத்தில் டோமஹாக் சண்டை விமானம் ஓட்டிய தென்னாப்பிரிக்க விமானி ஒருவர் நேட்டால் மாகாணத்தின் உட்பகுதியில் பண்ணை வைத்திருந்தார். அவருக்குக் கடிதம் போட்டேன். என் தாத்தாவும் அதே பாலைவனத்தில் லாரி ஓட்டியவர்தான், இந்திய மலாய் படையில். நம்மவர்களிடம் ஸ்டியரிங்கைக் கொடுத்தார்கள், துப்பாக்கியைக் கொடுக்கவில்லை. அதையும் ஒரு வரி எழுதியிருந்தேன். என் பெயரைப் பார்த்தாலே நான் இந்தியன் என்று தெரியும். நிறவெறி ஆட்சி நடந்த அந்தக் காலத்தில் ஒரு வெள்ளைக்காரர் பதில் போடுவார் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

போட்டார். இரண்டு பக்கம், டைப் அடித்து, கீழே நீல மையில் கையெழுத்து. தேதி இருக்க வேண்டிய இடத்தில் "வியாழன்" என்று மட்டும். ஒட்டி முடித்த பிறகு ஏதோ ஞாபகம் வந்திருக்கிறது போல, உறையின் பின்பக்க மடிப்பில் பேனாவால் நாலு வரி சேர்த்திருந்தார்: தங்கள் முகாமுக்குத் தண்ணீர் லாரி ஓட்டியவர் ஒரு டர்பன் தமிழர், பெயர் இன்னது, அவர் குடும்பத்தை உனக்குத் தெரியுமா? அவசரத்தில் ஒரு பார்வை பார்த்துவிட்டு, உள்ளே இருந்ததைப் படிக்க ஓடினேன்.

அக்கா மகன் ஸ்டாம்பு சேர்ப்பவன். உறையை அவனிடம் கொடுத்தது நான்தான். அவன் கத்தரித்து எடுக்கக்கூடச் சோம்பல்பட்டு, முழு உறையையும் எவர்சில்வர் பேசினில் ஊறப்போட்டான். நான் போய்ப் பார்த்தபோது தண்ணீர் வெளிர்நீலமாக இருந்தது. ஸ்டாம்பு மட்டும் சுத்தமாகக் கழன்று வந்திருந்தது.

மறுபடி எழுதிக் கேட்டேன். இரண்டு மாதம் கழித்து அவர் மனைவி பதில் போட்டார், அவர் காலமாகிவிட்டார் என்று. அந்த லாரிக்காரர் பெயர் 'மு'வில் ஆரம்பித்தது என்பதுதான் எனக்கு நினைவில் நிற்கிறது. முனுசாமியா, முத்துவா, முருகனா? டர்பனில் எத்தனை ஆயிரம் முருகன்கள்!

விலைக்கணக்கும் சொல்கிறேன். பின்னாளில் ஒரு வியாபாரியிடம் காட்டினேன். டைப் அடித்த கடிதம், தேதி இல்லை, ஊர் இல்லை, யார் யாருக்கு எழுதியது என்பதற்கு அத்தாட்சி இல்லை என்று உதட்டைப் பிதுக்கினார். அந்த உறையில் விமானி தன் கையால் எழுதிய என் விலாசம், ஊர்ப் பெயரோடு தபால் முத்திரை எல்லாமே இருந்தது.

போர்க்கால உறை என்றால் இன்னும் மோசம். தணிக்கை அதிகாரியின் முத்திரை, படைத் தபால் நிலையத்தின் எண் எல்லாம் அதில்தான். கடிதத்துக்குள் இடத்தைச் சொல்லக்கூடாது என்று தடை இருந்த காலம் அது. எங்கிருந்து எழுதினார் என்பதற்கு அந்த எண்தான் துப்பு.

கோப்பில் நுழையாவிட்டால் பெரிய கோப்பு வாங்கு. பத்து ரேண்டு கூட ஆகும், அவ்வளவுதான்.

பேனாவைப் பார்த்து அவசரத் தீர்ப்பு

1940 கடிதத்தில் பால்பாயிண்ட் என்றால் வேண்டாம். 1940 புகைப்படத்தில் ஸ்கெட்ச் பேனா என்றால் பதற வேண்டாம், கிழவர் 1980களில் போட்டுக் கொடுத்திருக்கலாம்.

ராமபாணப் பூச்சி

டர்பன் ஈரத்தில் கீழ்த்தட்டில் வைத்தால் அதற்கு விருந்து.

அந்தத் தம்பியை உட்காரவைத்து, ஏலத்தின் பக்கத்தைப் போனில் திறக்கச் சொன்னேன். நல்லவேளை, விற்றவர் உறையையும் படம் எடுத்துப் போட்டிருந்தார். பிரிண்ட் எடுத்துக் கடிதத்தோடு வை என்றேன். தலையாட்டினான். பெரிதாக்கிப் பார்த்தேன். முத்திரை தெரிந்தது, எண்ணும் தெரிந்தது. முன்பக்கம் மட்டும்தான் எடுத்திருந்தார்.