பிரிந்த பிறகு கார் பழுதுச் செலவு யார் தலையில்?
ஏற்காடு கொண்டை ஊசி வளைவில் என் துணையாக இருந்தவர் என் காரைத் தடுப்புச் சுவரில் உரசியபோது நாங்கள் பிரிந்திருக்கவில்லை. பிரிந்த பின் செலவைக் கேட்டால், "வண்டி உன் பேர்லதானே இருக்கு" என்றார். ஆத்திரமாக வந்தது. ஆனால் அதுவேதான் கைகொடுத்தது. உரிமையாளரின் அனுமதியோடு, செல்லுபடியாகும் லைசென்ஸ் உள்ளவர் ஓட்டியிருந்தால் முழுக் காப்பீட்டில் கிளைம் கேட்கலாம். விபத்தன்றே காப்பீட்டு நிறுவனத்துக்குத் தகவல் சொல்லி, அவர் லைசென்ஸ் நகலையும் வாங்கி வைத்திருந்தேன். ஓட்டியது அவர்தான் என்று மறைக்காமல் எழுதினேன். சேலத்தில் பட்டறைக்கே, சேதத்தை மதிப்பிடும் காப்பீட்டு சர்வேயர் வந்தார். கிழிந்த பம்பர் பிளாஸ்டிக் என்பதால் அதன் விலையில் பாதி தேய்மானமாகக் கழிந்தது. கிளைமில் நாமே ஏற்க வேண்டிய கட்டாயப் பிடித்தம் 1,000 ரூபாய். அப்புறம், கிளைம் கேட்காமல் இருந்தால் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடியான நோ கிளைம் போனஸும் போச்சு. இவற்றை மட்டும் கூட்டி, பில்லோடு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். பழைய கதை ஒரு வரிகூட எழுதவில்லை. இரண்டு தவணையில் கொடுத்துவிட்டார்.